மாஞ்சோலை ரோட்டில் மண்ணை அள்ளியாச்சு, இன்னும் ஏன் திறக்கவில்லை?

கேள்வி இதுதான்: மழை விட்டுப் பத்து நாளாகிறது. கீழே அம்பாசமுத்திரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. சரிந்த மண்ணையும் ஜேசிபி வைத்து அள்ளிவிட்டார்கள். அப்புறமும் மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் வண்டியைத் திருப்பி விடுகிறார்களே, ஏன்? திறந்த பிறகு போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

மேலேயிருந்து ரோட்டில் விழுந்த மண் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதை அள்ள ஒன்றிரண்டு நாள் போதும். ரோட்டுக்கு அடியிலிருந்து பள்ளத்துக்குள் போன மண் யாருக்கும் தெரியாது. மலைப்பாதையை மாதக்கணக்கில் மூட வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது மண்தான். தார் அப்படியே கிடக்கும், மேலே ஒரு கீறல்கூட இருக்காது, அதற்கடியில் ஒரு முழம் ஆழத்துக்கு வெறும் பொந்து இருக்கும். ஜீப் போனால் தாங்கும். பின்னாலேயே வருகிற பஸ்ஸுக்குத் தாங்காது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு, மலையில் ரோடு எப்படிப் போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். சரிவின் உள்பக்கத்தை வெட்டுவார்கள், வெட்டிய மண்ணையே வெளிப்பக்கம் கொட்டி அகலமாக்குவார்கள். ஆக, மலைப்பக்கச் சக்கரம் ஓடுவது இயற்கையான கெட்டித் தரையில், பள்ளத்துப்பக்கச் சக்கரம் ஓடுவது கொட்டிய மண்ணில். இந்தக் காலத்தில் அந்த மண்ணை 20 செ.மீ. அடுக்கு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்குவார்கள். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏறும் இந்தப் பாதை தேயிலைக்காக உருவான அந்தக் காலத்து எஸ்டேட் பாதை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த மலையில் தோட்டம் போட்டபோது தொடங்கிய கதை. மணிமுத்தாறு அணையடியிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறத்தாழ 20 கி.மீ., அதற்குள் 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும். இத்தனை குறுகலாகவும் செங்குத்தாகவும் ஏறும் பாதையில் கொட்டிய மண்ணின் பங்கு அதிகம்.

அடுத்தது மண். இந்த மலை முழுக்க சார்னோகைட், நைஸ் வகைக் கரும்பாறை. பாறை என்னவோ கெட்டிதான். ஆனால் வருடத்தில் இரண்டு பருவமழையும் நனைக்கும் இடம் என்பதால் மேல் சில மீட்டர் மக்கிப் போய், கைக்குப் பிசையும் செம்மண்ணாகவும், அதற்குள் உருண்டைக் கற்களாகவும் கிடக்கிறது. செம்மண்ணுக்கும் கீழேயுள்ள பாறைக்கும் நடுவில் ஒரு வழுக்குத்தளம் உண்டு. மழைத்தண்ணீர் செம்மண்ணுக்குள் இறங்கி, பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க இடமில்லாமல் அந்தத் தளத்திலேயே தேங்கும். மண்ணை அடியிலிருந்து தூக்கிப் பிடிக்கிற மாதிரி ஆகிவிடும். எடை கூடுகிறது, பிடி குறைகிறது. காலையில் பெய்த மழைக்குச் சாயங்காலம் சரிவதும், மழை விட்டு மறுநாள் வெயிலில் சரிவதும் இதனால்தான். தண்ணீர் உள்ளே நடந்து வர நேரம் எடுக்கும்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேரில், அதாவது இரண்டரை ஏக்கரில், 1 செ.மீ. மழை பெய்தால் 1 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி எட்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பக்கம் நின்ற காற்றுச் சுழற்சியால் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதே நேரத்தில் மாஞ்சோலையிலும் 50 செ.மீ.க்கு மேல் பதிவானது. ஒரு ஹெக்டேருக்கு 50 லட்சம் லிட்டர், நானூறு லாரிக்கு மேல். அதற்குப் பெயர் வைத்த புயல்கூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். திருநெல்வேலிக்காரர்கள் புயலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். புயல் செய்வது வேறு. 2017-ல் ஒக்கி வந்தபோது பார்த்த மாதிரி, காற்று மரத்தை வேரோடு ஆட்டும். மரம் சாய்ந்தால் வேர்ப்பிடி போன குழிக்குள் தண்ணீர் நேராக இறங்கும். சாய்ந்த மரம் ஓடையில் வந்து அடைக்கும். காற்றும் மழையும் சேர்ந்தால் சேதம் கூட்டல் கணக்கில் வராது, பெருக்கலில் வரும்.

இந்த ரோட்டில் உண்மையான வில்லன் சரிவுகூட இல்லை, சிறுபாலங்கள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் பெரும்பாலான சேதம் ஒரு அடைத்த குழாயில் இருந்துதான் தொடங்கும்.

ஒரு ஓடை ரோட்டைக் கடக்கும் இடத்தில் குழாய்ப் பாலம் இருக்கிறது, குழாய் 900 மி.மீ. விட்டம். அந்த ஓடைக்கு மேலே தண்ணீர் வடியும் பரப்பு 20 ஹெக்டேர் என்று வையுங்கள், மலையில் இது சின்ன ஓடை. மணிக்கு 6 செ.மீ. மழை, அதில் நூற்றுக்கு அறுபது பங்கு ஓடி வருகிறது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 2 கன மீட்டர். குழாய் சுத்தமாக இருந்தாலே நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை கன மீட்டர்தான் அது வாங்கும். சுத்தமாக எங்கே இருக்கும்? முதலில் வருவது தண்ணீர் இல்லை, சருகு. அதற்குப் பின்னால் ஈத்தை என்கிற மெல்லிய காட்டு மூங்கில் தட்டை. நீளமான ஒரு ஈத்தை குழாய்வாயில் குறுக்கே விழுந்தால் போதும், அதில் சருகு தங்கும், சருகில் மணல் தங்கும், அதன்மேல் ஒரு குண்டுக்கல் வந்து உட்காரும். அரை மணி நேரத்தில் குழாய் மூடியாகிவிடும்.

இப்போது தண்ணீருக்கு இரண்டு வழி. ரோட்டைக் குறுக்கே தாண்டி விழுந்தால், விழும் இடத்தில் பள்ளத்துப்பக்க மண்ணைக் கடித்துக்கொண்டே வந்து ரோட்டைப் பாதியாக்கும். அதுகூடப் பரவாயில்லை, அந்த ஒரு இடத்தோடு போகும். ரோட்டோரமாகவே இறங்கி ஓடத் தொடங்கினால் அடுத்த கொண்டை ஊசி வளைவு வரைக்கும் ரோடே ஓடையாகிவிடும். வளைவில் தண்ணீர் திரும்பாது, நேராகப் பாயும். அங்கே இருக்கிற சுவரின் தலையில் விழும். அதிலிருந்து கீழ்ச் சுற்று ரோட்டில் விழும். மேலே ஒரு குழாய் அடைத்ததற்குக் கீழே இரண்டு வளைவு போயிருக்கும். பார்ப்பவர்கள் வளைவைப் படம் எடுப்பார்கள், குழாயை யாரும் எடுக்க மாட்டார்கள். சரி செய்யும்போதும் வளைவை மட்டும் கட்டிவிட்டு மேலே இருக்கிற குழாயை அப்படியே விட்டால், அடுத்த வருடம் புதுச் சுவருக்கும் அதே கதிதான்.

குழாய்ப் பாலத்தைத் திரும்பக் கட்டும்போது பார்க்க வேண்டியவை சில. 900 மி.மீ.க்குக் குறைந்த குழாய் மலையில் வேண்டாம், உள்ளே ஆள் தவழ்ந்து போய் வார முடியாது. ஓடை கொஞ்சம் பெரிதென்றால் குழாயை விட்டுவிட்டுப் பெட்டிப் பாலமே கட்டிவிடலாம். குழாய்க்குள் 3 முதல் 5 சதவீதம் சாய்வு வேண்டும், தட்டையாகப் பதித்தால் மணல் உள்ளேயே படியும். உள்வாயில் ஒரு தொட்டி, அதன் தரை குழாயின் அடியைவிட அரை மீட்டர் தாழ்வாக. கல்லும் மணலும் அங்கே தங்கும், வாரவும் எளிது. கம்பித் தடுப்பைக் குழாய்வாயிலேயே வைப்பது தப்பு. நாலைந்து மீட்டர் மேலே ஓடைக்குள் வைத்தால், அது அடைத்தாலும் தண்ணீர் சுற்றிக்கொண்டு குழாய்க்கு வரும். வெளிவாயைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் மண்ணில் விழுந்தால் ஒரே மழையில் ஆளுயரக் குழி பறிக்கும். அந்தக் குழி பின்னோக்கி நகர்ந்து சுவரின் அடிமானத்தைத் தொடும். தண்ணீர் விழும் இடத்தில் பெரிய கல்லாகப் பதித்து, கெட்டிப் பாறை வரைக்கும் படிப்படியாக இறக்கி விட வேண்டும்.

தாங்கு சுவருக்கு வருவோம். நாலு மீட்டர் உயரச் சுவர். பின்னால் இருக்கிற மண் வடிந்து காய்ந்திருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 5 டன் தள்ளும். அதே மண்ணில் மேல்மட்டம் வரை தண்ணீர் நின்றால் தள்ளுவது 10 டன்னாகிவிடும், அதில் முக்கால்வாசிக்கு மேல் வெறும் தண்ணீரின் தள்ளல். சுவரை எத்தனை தடிமனாகக் கட்டினீர்கள் என்பதைவிடத் தண்ணீரை வெளியே விட்டீர்களா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் கசிவுத் துளைகள். 10 செ.மீ. குழாய், ஒன்று முதல் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் சாய்வாக. சுவருக்குப் பின்னால் குறைந்தது 30 செ.மீ. தடிமனுக்குக் கருங்கல் ஜல்லி வடிகட்டி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி. கசிவுத் துளை இருக்கிறது, பின்னால் ஜல்லி இல்லை, வெட்டிய செம்மண்ணையே தள்ளி நிரப்பியிருக்கிறார்கள் என்றால் அந்தத் துளை ஒரு மழைக்குத்தான். சில இடங்களில் பூச்சு வேலைக்காரர் அழகுக்காகத் துளையையே பூசி மூடிவிடுவதும் உண்டு. மழை நேரத்தில் ஒரு சுவரைப் பார்த்தால் துளைகளில் தண்ணீர் சொட்ட வேண்டும். கொட்டுகிற மழையிலும் துளைகள் வறண்டிருந்தால் அந்தச் சுவருக்கு அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

அவசரத்துக்கு எல்லாரும் போடுவது கம்பிவலைக் கல்பெட்டி, பொறியாளர்கள் கேபியன் என்பார்கள். எனக்கு இதன்மேல் நல்ல அபிப்பிராயம் உண்டு, காரணம் தண்ணீர் தானாகவே வழிந்துவிடும், அடி கொஞ்சம் இறங்கினாலும் சுவர் விரியாமல் வளைந்து கொடுக்கும், சிமென்ட் காயக் காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டி ஒன்று 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். உள்ளே போடும் கல் வலைக்கண்ணைவிடப் பெரியதாக, 15 முதல் 25 செ.மீ. இருக்க வேண்டும். ஜேசிபி வாளியால் அப்படியே கொட்டினால் வயிறு தள்ளிப் பிதுங்கும். மூன்றில் ஒரு பங்கு நிரப்பியதும் முன் வலையையும் பின் வலையையும் கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும், அடுத்த மூன்றில் ஒரு பங்குக்கு மறுபடி. முன்முகத்துக் கல்லைக் கையால்தான் அடுக்க வேண்டும். நாலு மீட்டர் உயரத்துக்கு அடியில் 2.5 மீட்டர் அகலமாவது கொடுத்து, மேலே போகப் போகக் குறைக்கலாம். அடி வரிசை உட்காரும் தரை முக்கியம். சரிந்த தளர்மண்ணின் மேலேயே பெட்டியை வைத்தால் சுவரும் சேர்ந்து சரியும். தளர்மண்ணை வெட்டி எடுத்து, கெட்டித் தரை கண்டபின் அரை மீட்டர் உள்ளே பதிக்க வேண்டும்.

இனி நேரக் கணக்கு. 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம், அடியில் 2.5 மீட்டரில் தொடங்கி உச்சியில் 1 மீட்டர் என்றால் 70 கன மீட்டர் கல் வேண்டும். நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 25 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மூன்று யூனிட் டிப்பரில் எட்டு ஒன்பது நடை. கீழே தரையில் இது ஒரு நாள் வேலை. மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-லிருந்து. அங்கே கல் உடைக்கக் கூடாது, மண் எடுக்கக் கூடாது. எல்லாக் கல்லும் கீழேயிருந்து ஏற வேண்டும், ஏறும் வழி இதே பழுதான ரோடு. முழு லோடு டிப்பரைப் பலவீனமான ஓரத்தில் விட முடியாது, பாதி லோடு என்றால் நடை இரட்டிப்பு. இரவில் வேலை கிடையாது, யானை நடமாடும். மேலே பத்து இடத்தில் சேதம் என்றால் பத்து இடத்திலும் ஒரே நேரத்தில் ஆள் விட முடியாது. முதல் இடம் கெட்டியானால்தான் இரண்டாவது இடத்துக்குக் கல் போகும். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744-ல் மண் சரிந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் எந்திரம் வரும், அவசரக்காரர்கள் மேக்கரை, அச்சன்கோவில் வழியாகச் சுற்றிப் போகலாம். அதனால் அது நாலு நாளில் திறந்ததே, இது ஏன் திறக்கவில்லை என்று ஒப்பிடுவது நியாயமில்லை. மாஞ்சோலை ரோடு ஒரே வாசல் உள்ள குகை மாதிரி. மேல் கோதையாறு அணைப் பகுதிக்கு வண்டி ஏறுவதும் இதில்தான். 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதும் இந்த வளைவுகள் வழியேதான், அந்த ஓட்டுநர்களைத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

காலமும் குறுக்கே நிற்கிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை, சில வருடம் ஜனவரி முதல் வாரம் வரை இழுக்கும். ஜூனில் தென்மேற்கு வந்துவிடும். நடுவில் வேலைக்குக் கிடைப்பது ஜனவரி கடைசியிலிருந்து மே வரை. டிசம்பரில் விழுந்த சுவரை டிசம்பரிலேயே கட்ட முடியாது, தோண்டிய அடிமானத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். தாரும் அப்படித்தான். சூடான தார்க்கலவையை விரித்து, 100 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். கலவை ஆலை கீழே, ரோடு மேலே, நடுவில் குளிரும் பனியும். ஈரத் தளத்தில் போட்ட தார் கல்லைப் பிடிக்காது, அடுத்த மழையில் பொடிப்பொடியாக வரும். மழை விட்ட மறுவாரமே யாராவது தார் போட்டால் சந்தோஷப்படாதீர்கள். வளைவுகளுக்கும் ஓடை கடக்கும் இடங்களுக்கும் கான்கிரீட்தான் சரி. அதுவும் முழு பலம் வர 28 நாள் எடுக்கும். ஏழு நாளில் முக்கால் பங்குக்குக் கிட்ட வரும், ஜீப்புக்கு அது போதும், பஸ்ஸுக்குப் போதாது.

மண் அள்ளும் வேலையிலும் அவசரம் ஆகாது. 20 மீட்டர் நீளம், ரோட்டின் முழு அகலம் 6 மீட்டர், 2 மீட்டர் உயரத்துக்கு மண் கிடந்தால் 240 கன மீட்டர். 85 யூனிட், மூன்று யூனிட் டிப்பரில் 28 நடை. ஒரு ஹிட்டாச்சி நின்றால் ஒன்றரை நாளில் முடியும். ஆனால் இரண்டு தப்பு வழக்கமாக நடக்கும். ஒன்று, குவியலை அடியிலிருந்து நோண்டுவது. ரோட்டில் கிடக்கிற மண்தான் மேலே தொங்குகிற மிச்ச மண்ணுக்கு முட்டுக்கொடுத்திருக்கும். அடியை எடுத்தால் தலை இறங்கும், சில நேரம் எந்திரத்தின் மேலேயே. மேலே ஒருவரை விசிலோடு நிறுத்தி, சரிவின் தலையில் புது வெடிப்பு ஓடுகிறதா என்று பார்த்தபடி, மேலிருந்து கீழாகத் தட்டி இறக்க வேண்டும். முதலில் ஒரு வண்டி போகிற அளவுக்கு மட்டும் வழி எடுத்துவிட்டு, மிச்சத்தை மண் காய்ந்த பிறகு தொடுவது நல்லது. இரண்டாவது தப்பு, அள்ளிய மண்ணை அப்படியே பள்ளத்தில் தள்ளுவது. சுலபம்தான். ஆனால் ஏற்கெனவே நனைந்து தொங்கும் கீழ்ச்சரிவில் 400 டன்னுக்கு மேல் ஏற்றுகிறீர்கள். அது இறங்கினால் ரோட்டின் வெளி விளிம்பையும் இழுத்துக்கொண்டு போகும், கீழ்ச் சுற்று ரோட்டில் விழும், மிச்சம் மணிமுத்தாறு அணைக்குள் வண்டலாகப் போய்ச் சேரும். மண் கொட்ட இடம் பார்த்துத் தட்டையான திருப்பத்தில் சேர்க்க வேண்டும், அதற்கும் வனத்துறையைக் கேட்க வேண்டும்.

மண் அள்ளிய பிறகு எதைப் பார்த்துத் திறக்கிறார்கள் என்றால், வெடிப்பைப் பார்த்து. பள்ளத்துப்பக்க விளிம்பிலிருந்து ஒரு பிறை நிலா வடிவத்தில் ரோட்டுக்குள் வந்து மறுபடி விளிம்புக்கே திரும்புகிற வெடிப்புதான் பயப்பட வேண்டியது. நேராக, ரோட்டுக்குக் குறுக்கே ஓடுகிற வெடிப்பு பெரும்பாலும் தாரின் வயசு. பிறை வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து, நடுவில் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் தினம் காலையில் அளந்து எழுதுவார்கள். வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்றும் மட்டப்பலகை வைத்துப் பார்ப்பார்கள். மழையே இல்லாத நாளிலும் தூரம் கூடினால் சரிவு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பொந்து இருக்கிறதா என்பதற்குக் கடப்பாரை போதும். விளிம்பிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் தாரில் செங்குத்தாகப் போட்டுப் பார்த்தால், கெட்டித் தரையில் கையை உதறும், ‘டங்’ என்று கேட்கும். பொந்துக்கு மேல் ‘தொம்’ என்று பானை சத்தம் வரும். அந்த எல்லையில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, கல் வைத்து, வண்டியை உள்பக்கம் ஒதுக்குவார்கள். வெடிப்பைச் சும்மா விடக் கூடாது. வாயைக் கொஞ்சம் வெட்டி அகலமாக்கி, களிமண்ணைக் குத்தி நிரப்பி, மேலே தார்ப்பாய் போட்டுவிட வேண்டும். ஒரு விரல் அகல வெடிப்பு ஒரு ராத்திரி மழையில் குடிக்கும் தண்ணீர் கொஞ்சமில்லை.

திறப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் மேலே இருக்கும் ஆட்களின் வண்டி, ஆம்புலன்ஸ், ரேஷன் லோடு, மின்வாரிய ஜீப். அப்புறம் பஸ். கடைசியில் சுற்றுலா கார். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, எடையைவிட எண்ணிக்கைதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை நூறு கார் ஏறினால் நூறு தடவை எதிரெதிர் விலக வேண்டும். குறுகிய ரோட்டில் விலகுவது என்றால் ஒரு வண்டியின் இடது சக்கரம் அந்தக் கொட்டிய மண் விளிம்பில் ஏறியே ஆக வேண்டும். பழக்கமான பஸ் ஓட்டுநருக்கு எங்கே நின்று வழிவிடலாம் என்று தெரியும். புதிதாக வருபவர் பஸ்ஸைப் பார்த்துப் பதறி ரிவர்ஸ் எடுப்பார், அதுவும் ஓரமாக. ஆள் குறைந்ததும் ஒரு சங்கடம். 2024-ல் தேயிலைத் தோட்ட வேலை நின்ற பிறகு இந்த ரோட்டில் தினம் ஏறி இறங்கும் கண்கள் குறைந்துவிட்டன. ஒரு குழாய் அடைத்தால் அன்றே சொல்ல ஆள் இருந்த காலம் வேறு.

திறந்த பிறகு போகிறவர்களுக்கு. முந்தின நாள் மழை அளவைப் பாருங்கள், செய்தியில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்று தனித்தனியாகச் சொல்வார்கள். அதில் ஏதாவது ஒன்றில் 10 செ.மீ. தாண்டியிருந்தால் இரண்டு நாள் கழித்துப் போங்கள், அனுமதி இருந்தாலும். அம்பாசமுத்திரத்தில் வெயில் அடிப்பது மேலே என்ன நடக்கிறது என்பதற்குச் சாட்சி இல்லை. விடிந்ததும் ஏறி, மதியம் மூன்றுக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். வடகிழக்கு மாதங்களில் பிற்பகலில் பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியாது. இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி மலையில் கருகல் வாடை வரும். எதிரே வண்டி வந்தால் பள்ளத்துப்பக்க விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே நில்லுங்கள், முடியாவிட்டால் மலைப்பக்கம் ஒதுங்கி அவரைப் போகச் சொல்லுங்கள். படம் எடுக்க நிறுத்தும் இடம் புதிதாக வெட்டிய சிவப்பு மண்சுவருக்கு அடியிலோ, ஓடை கடக்கும் இடத்திலோ இருக்கக் கூடாது.

ஓடைத் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். மழையிலும் தெளிவாக வந்தால் மேலே காடு மண்ணைப் பிடித்திருக்கிறது. திடீரென்று செங்கலைக் கரைத்த மாதிரி வந்தால் மேலே எங்கோ அறுக்கிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடைச் சத்தம் சட்டென்று அடங்கினால் நின்று யோசிக்காதீர்கள். மேலே மரமோ மண்ணோ அணை கட்டியிருக்கிறது, உடைந்தால் மொத்தமும் ஒரே மூச்சில் வரும். அந்த ஓடை வரியை விட்டு விலகிவிடுங்கள். மலையிலிருந்து சின்னச் சின்னக் கல் உருண்டு விழுவது, நேற்றுவரை நேராக நின்ற மரமோ கம்பமோ ரோட்டுப் பக்கம் சாய்ந்திருப்பது, சுவரின் நடுவயிறு பிதுங்கியிருப்பது, காய்ந்த இடத்தில் புதிதாக ஊற்று கசிவது, இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் திரும்பிவிடுவது நல்லது.

முன்னால் மண் விழுந்து மறித்துவிட்டால் இறங்கிப் போய்ப் பார்க்கக் கூடாது. முதல் சரிவுக்குப் பின்னாலேயே இரண்டாவது வருவது வழக்கம், ஆட்கள் மாட்டுவது பெரும்பாலும் அதில்தான். வண்டியை நேரான, மேலே பாறையோ அடர்ந்த காடோ உள்ள இடம் வரைக்கும் பின்னுக்கு எடுத்து நிறுத்துங்கள். செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், கிடைத்த இடத்திலிருந்தே மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் சொல்லிவிடுங்கள்: எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில், எந்த வளைவு, ரோட்டின் முழு அகலமும் மூடியிருக்கிறதா, பள்ளத்துப்பக்கம் உடைந்திருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் ஜேசிபி அனுப்பினால் போதுமா, பொறியாளரும் வர வேண்டுமா என்று முடிவாகும்.

கிளம்பும் முன் செக்போஸ்ட்டிலோ அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்திலோ விசாரிக்கும்போது, ரோடு திறந்தாச்சா என்று கேட்காதீர்கள். திறந்தாச்சு என்பார்கள், எது வரைக்கும், எதற்கு என்று தெரியாது. பஸ் இன்றைக்கு எது வரைக்கும் போகிறது என்று கேளுங்கள். மாஞ்சோலையோடு திரும்புகிறது என்றால் மாஞ்சோலைக்கு மேலே இன்னும் ஏதோ ஒரு ஓரம் ‘தொம்’ என்கிறது.